கனமும் கனமூலமும்: வியாபாரிகளுக்கு ஒரு கணக்குப் பாடம்



கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அதற்கு மேல் நூற்றுக்கு இத்தனை என்னும் கழிவுக் கணக்கு. இவ்வளவு தெரிந்தால் கடை நடத்திவிடலாம் என்பது நம்மில் பலருடைய எண்ணம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நாம் படித்ததெல்லாம் காலையில் ஆரம்பப் பள்ளியும் மாலையில் மதரஸாவுந்தான். அதன் பிறகு கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கனமூலம் என்ற சொல்லைக் காதால் கேட்டதுண்டே தவிர, அது நம் கடைக்குள் நுழையும் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஒரு மரப்பெட்டிதான் அதை நமக்குக் கற்றுத் தந்தது. அதற்குரிய சம்பளத்தையும் வாங்கிக்கொண்டது.

நடந்தது இதுதான். நம் கிட்டங்கியில் அரிசி கொட்டி வைக்க, எலிக்குப் பயந்து உள்ளே தகடு அடித்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. நீளம் இரண்டு அடி, அகலம் இரண்டு அடி, உயரம் இரண்டு அடி. வியாபாரம் கொஞ்சம் கூடியது. இதைப்போல் இரண்டு பங்கு அரிசி பிடிக்கும் பெட்டி ஒன்று வேண்டுமென்று நினைத்தோம். இரண்டு பங்குதானே, எல்லாப் பக்கத்தையும் இரட்டியாக்கினால் ஆயிற்று என்று தச்சரிடம் நாலடிக்கு நாலடிக்கு நாலடி என்று சொல்லிவிட்டோம். அந்தச் சீனப் பெரியவர் அளவுக் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, "தவுக்கே, நிச்சயந்தானா?" என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டார். நாம் முதலாளி தோரணையில், "சொன்னபடி செய்யுங்கள்" என்றோம்.

பெட்டி வந்தது. கிட்டங்கி வாசலில் நுழையவில்லை. வாசலின் அகலம் மூன்றரை அடி. ஒரு பக்கத்தைக் கழற்றி, உள்ளே கொண்டுபோய் மறுபடி பூட்டினோம். அரிசியைக் கொட்டக் கொட்டப் பெட்டி வாயைத் திறந்துகொண்டே இருந்தது. பழைய பெட்டிச் சரக்கை இரண்டு மடங்காகக் கொட்டியும் அடியில் ஒரு அடி உயரத்துக்குத்தான் ஏறியது. அதை முழுக்க நிரப்பினால் ஒன்றரை டன்னை நெருங்கும். பலகைத் தரை தாங்காது. தச்சரோ பலகைக்கும் தகட்டுக்கும் பழைய பெட்டியைப்போல் நாலு மடங்கு கணக்கு எழுதிக் கொடுத்தார். அவர் மேல் குற்றமில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம்.

அன்று இரவு ஒன்றாம் படிவம் படிக்கும் நம் மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். "அத்தா, இது எங்க மூணாவது பாடத்திலேயே இருக்கே, குவாசா தீகா" என்றாள். அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தபோது நமக்கு வெட்கமாகவும் இருந்தது, விளங்கிக்கொள்ள வேண்டுமென்ற ஆசையும் வந்தது. அதற்கு முன் இரண்டு மூன்று முறை அவள் அந்தப் பாடத்தைக் கொண்டுவந்து கேட்டபோதெல்லாம், "கடையில் ஆள் நிற்கிறார்கள், பிறகு பார்க்கலாம்" என்று நாம் நழுவிப் போனதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடம் தெரியாது என்று சொல்ல நமக்கெல்லாம் நாக்கு எழும்புவதில்லை. பின்பு சில மாதங்கள், கடை சாத்திய பிறகு, அவளோடு உட்கார்ந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கனம் என்பது யாது? ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வர்க்கம். வந்ததை மறுபடியும் அதே எண்ணால் பெருக்கினால் கனம். 2 × 2 = 4, இது வர்க்கம். 4 × 2 = 8, இது கனம். நம் பழைய பெட்டி 8 கன அடி. புதிய பெட்டி 4 × 4 × 4 = 64 கன அடி. இரட்டி கேட்டோம், எட்டு மடங்கு வந்தது. பலகை மட்டும் ஏன் நாலு மடங்கு? பலகை என்பது மேற்பரப்பு, அது வர்க்கக் கணக்கில் ஏறும். பழைய பெட்டிக்கு ஆறு முகம், முகத்துக்கு 4 சதுர அடி, ஆக 24. புதியதற்கு முகத்துக்கு 16, ஆக 96. பக்கம் இரட்டித்தால் பலகை நாலு மடங்கு, கொள்ளளவு எட்டு மடங்கு. இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும், பெட்டி விஷயத்தில் எவரும் நம்மை ஏமாற்ற முடியாது. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் மாட்டோம்.

கனமூலம் என்பது இதன் மறுபக்கம். பெட்டியின் கொள்ளளவு தெரியும், பக்கம் எவ்வளவு? 8-க்குக் கனமூலம் 2. 64-க்கு 4. மலாயில் இதனைப் புஞ்சா குவாசா தீகா என்கிறார்கள். முழு எண் ஒன்றின் கனமாக வரும் எண்ணை முழுக்கனம் என்று சொல்வோம். ஒன்று முதல் பத்து வரை அவை:

1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000.

இந்தப் பத்தையும் பெருக்கல் வாய்ப்பாட்டைப்போல் மனப்பாடம் செய்துவிட வேண்டும். மதரஸாவில் ஓதி மனனம் செய்த நமக்கு இது ஒரு பெரிய காரியமன்று. பதினோராவது 1331, பன்னிரண்டாவது 1728. இந்த 1728 நம் வியாபாரிகளுக்குப் பழைய சிநேகிதர். பன்னிரண்டு உருப்படி ஒரு டஜன், பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், பன்னிரண்டு குரோஸ் ஒரு கிரேட் குரோஸ். பொத்தானும் ஊசியும் குரோஸ் கணக்கில் வாங்கிய முதியவர்கள் கனம் என்ற சொல் தெரியாமலேயே கனக் கணக்குப் போட்டவர்கள். ஒரு கன அடியில் 1728 கன அங்குலம் இருப்பதும் இதனாலேயே.

1728-ஐச் சொன்னால் அடுத்த வீட்டு 1729-ஐச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கும்பகோணத்தில் புடவைக்கடைக் கணக்கர் ஒருவரின் மகனாக வளர்ந்த சீனிவாச இராமானுஜன் (1887 – 1920) இங்கிலாந்தில் நோயுற்றுப் படுத்திருந்தபோது, பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729, சுவையற்ற எண் என்றாராம். இராமானுஜன் உடனே மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுவே என்றார். 1728-உம் 1-உம் ஒரு விதம். 1000-உம் 729-உம் மறு விதம். கூட்டிப் பாருங்கள்.

நிற்க. இனி, பெரிய எண்ணுக்குக் கனமூலம் காணும் வழியைப் பார்ப்போம். மேலே சொன்ன பத்துக் கனங்களின் கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். ஒன்றுக்கு 1, இரண்டுக்கு 8, மூன்றுக்கு 7, நாலுக்கு 4, ஐந்துக்கு 5, ஆறுக்கு 6, ஏழுக்கு 3, எட்டுக்கு 2, ஒன்பதுக்கு 9, பத்துக்கு 0. ஒரு இலக்கம்கூட இரண்டாம் முறை வரவில்லை. வர்க்கத்தில் இந்த வசதி கிடையாது. 4-இல் முடியும் வர்க்கம் இரண்டிலிருந்தும் வரலாம், எட்டிலிருந்தும் வரலாம். கனத்திலோ கடைசி இலக்கத்தைப் பார்த்தவுடன் மூலத்தின் கடைசி இலக்கம் தெரிந்துவிடும். 2-உம் 8-உம் தமக்குள் இடம் மாறிக்கொள்ளும், 3-உம் 7-உம் அப்படியே. மற்றவை தம் இடத்திலேயே நிற்கும்.

17576 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இது முழுக்கனம் என்று தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்திலிருந்து மூன்று இலக்கங்களை வெட்டுங்கள்: 17 | 576. கடைசி இலக்கம் 6, ஆதலால் மூலத்தின் கடைசி இலக்கமும் 6. இடப்பக்கம் நிற்பது 17. அது 8-க்கும் 27-க்கும் நடுவில் உள்ளது. சிறியதான 8-இன் மூலம் 2. ஆகவே விடை 26. பெருக்கிச் சரி பாருங்கள்: 26 × 26 = 676; 676 × 26 = 17576.

மூன்று இலக்கம் வெட்டுவது ஏன் என்று நம் மகளிடம் கேட்டோம். அவள் சொன்ன காரணம் எளிது. 10-இன் கனம் 1000, 20-இன் கனம் 8000, 30-இன் கனம் 27000. ஆகவே ஆயிரத்துக்கு மேல் நிற்பதைப் பார்த்தாலே மூலத்தின் பத்தாமிடம் எதற்கும் எதற்கும் நடுவில் என்று தெரிந்துபோகிறது.

இன்னொன்று: 373248. வெட்டினால் 373 | 248. கடைசி 8, ஆகவே மூலத்தின் கடைசி 2. 373 என்பது 343-க்கும் 512-க்கும் நடுவில். ஆகவே முதல் இலக்கம் 7. விடை 72. இரண்டு இலக்க மூலம் எதுவானாலும் மூச்சு விடும் நேரத்தில் சொல்லிவிடலாம். நாம் இதைக் கற்ற புதிதில், கடைக்கு வரும் பிள்ளைகளிடம், "தம்பி, இரண்டு இலக்க எண் ஒன்றை நினைத்துக் கைப்பேசிக் கணக்கியில் மூன்று தடவை பெருக்கி விடையை மட்டும் சொல்" என்று கேட்டு அசத்தியதுண்டு. அதில் ஒரு பெருமைதான்.

ஆனால் இந்த வித்தைக்கு ஒரு குறை உண்டு. கொடுத்த எண் முழுக்கனமாக இருந்தால்தான் இது செல்லும். 373268 என்று யாராவது கொடுத்தால் அதற்கும் 72 என்றே சொல்லும், அது பொய். ஆகவே முதலில் எண்ணைச் சோதிக்க வேண்டும். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஓரிலக்கமாக்குங்கள். முழுக்கனமானால் 1, 8, 9 ஆகிய மூன்றில் ஒன்றுதான் வரும். 373268-இல் 3 + 7 + 3 + 2 + 6 + 8 = 29; 2 + 9 = 11; 1 + 1 = 2. ஆகவே இது கனமன்று, தள்ளிவிடலாம். 373248-க்கு 27, பிறகு 9, தேறியது. ஆனால் 373258 என்பதைச் சோதித்தால் 28, 10, 1 என்று வந்து தேறிவிடும், ஆயினும் அது கனமன்று. இந்தச் சோதனை கள்ளனைக் காட்டிக் கொடுக்கும். நல்லவனுக்குச் சாட்சி சொல்லாது.

சந்தேகமறத் தெரிந்துகொள்ள ஒரு வழி, எண்ணைப் பகா எண்களாக உடைப்பது. 13824-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் ஒன்பது முறை வகுபடும், கடைசியில் 27 நிற்கும். 27 என்பது மூன்று 3. ஒன்பது இரண்டையும் மூன்று மூன்றாகக் கட்டினால் மூன்று கட்டு. மூன்று 3-உம் ஒரு கட்டு. மிச்சம் ஒன்றுமில்லை, ஆகவே முழுக்கனம். கட்டுக்கு ஒன்றாக எடுத்துப் பெருக்குங்கள்: 2 × 2 × 2 × 3 = 24. இதே முறையில் 1323-ஐ உடைத்தால் மூன்று 3-உம் இரண்டு 7-உம் வரும். ஏழுகளுக்குக் கட்டு நிறைய ஒரு 7 குறைகிறது. ஆகவே 1323 கனமன்று. அதை 7-ஆல் பெருக்கினால் 9261, அது 21-இன் கனம்.

இதெல்லாம் இன்று நேற்று வந்த கணக்கன்று. ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டில் இயற்றிய ஆரியபட்டீயத்திலேயே இலக்கங்களை மூன்று மூன்றாகப் பிரித்துக் கனமூலம் எடுக்கும் விதி சொல்லப்பட்டிருக்கிறது. அங்கிருந்து அரபு, பாரசீக அறிஞர்கள் கைக்கு இந்தியக் கணக்கு போயிற்று. கூஷியார் இப்னு லப்பான் என்பவர் ஏறக்குறைய ஆயிரமாம் ஆண்டில் எழுதிய இந்தியக் கணக்கு நூலில் கனமூலத்துக்கு ஒரு பகுதி உண்டு. உமர் கய்யாமைக் கவிஞராகவே நம்மவர் அறிவர்; அவர் தம் அல்ஜிப்ரா நூலில், வர்க்கமூலமும் கனமூலமும் காணும் வழிகள் இந்தியரிடம் உண்டென்றும், அவை சரி என்று தாம் நிரூபித்து, மேற்கொண்டு உயர்ந்த மூலங்களுக்கும் விரித்ததாகவும் குறித்துள்ளார். சமர்கந்தில் இருந்த அல்காஷி 1427-இல் முடித்த நூலில் ஐந்தாம் மூலம் வரை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர்கள் கனத்துக்கு வைத்த பெயர் கஅப். மதரஸாவில் உளூவின் பாடத்தில் கால்களைக் கரண்டை வரை கழுவ வேண்டும் என்று ஓதும்போது, கரண்டைக்கு நாம் படித்த அரபுச் சொல்லும் இதே கஅப்தான். கஅபா என்ற பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததே. சிறுவயதில் நூறு முறை ஓதிய சொல்லுக்குள் இந்தக் கணக்கு ஒளிந்திருந்தது நாற்பது வயதுக்கு மேல்தான் நமக்குத் தெரிந்தது.

இனி நம் பெட்டிக்கு வருவோம். நாம் கேட்டிருக்க வேண்டியது 16 கன அடி. 16 முழுக்கனமன்று, 8-க்கும் 27-க்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே பக்கம் இரண்டு அடிக்கு மேல், மூன்று அடிக்குக் கீழ். இப்படிப்பட்ட எண்களுக்கு ஒரு வழி உண்டு. தச்சு வேலை போலவே அதுவும் இருக்கும்.

முதலில் ஒரு உத்தேசம் எடுங்கள். 2.5 என்று வைப்போம். நீளமும் அகலமும் 2.5 என்றால் அடிப்பரப்பு 6.25. பெட்டி 16 கன அடி பிடிக்க உயரம் எவ்வளவு வேண்டும்? 16-ஐ 6.25-ஆல் வகுத்தால் 2.56. ஆக 2.5, 2.5, 2.56 என்ற பெட்டி நமக்கு வேண்டியதைப் பிடிக்கும். ஆனால் மூன்று பக்கமும் சமமில்லை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துச் சமப்படுத்துங்கள்: 7.56-ஐ மூன்றால் வகுக்க 2.52. இதன் கனம் 16.003. அங்குலத்தில் 30¼. ஆக, நம் பழைய இரண்டடிப் பெட்டியை ஒவ்வொரு பக்கமும் ஆறேகால் அங்குலம் கூட்டச் சொல்லியிருந்தால் போதும்! விடை இன்னும் நெருங்க வேண்டுமானால், வந்த விடையையே மறுபடி உத்தேசமாக எடுத்து இதே வேலையைச் செய்யலாம். கடைக்கு ஒருமுறையே தாராளம்.

இரண்டு மடங்கு வேண்டுமானால் பக்கத்தை 1.26-ஆல் பெருக்க வேண்டும், அதாவது கால் பங்கும் அதற்கு மேல் ஒரு துளியும். நாம் மட்டும் இதில் ஏமாறவில்லை என்பது ஒரு ஆறுதல். கிரேக்க நாட்டு டெலோஸ் தீவில் கனசதுரமான ஒரு பலிபீடத்தை இரட்டியாக்கச் சொல்லிக் கட்டளை வந்ததாகவும், அவர்களும் பக்கத்தை இரட்டித்து எட்டு மடங்காக்கி விழித்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு அந்தப் பக்கத்தை மிகச் சரியாக வரையவே முடியாதென்று 1837-இல் வான்ட்செல் என்னும் பிரெஞ்சுக்காரர் நிரூபித்தார். அதற்கு முன் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் அறிஞர்கள் முட்டி மோதியிருக்கிறார்கள். நம் தச்சருக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. கால் அங்குலம் சரியாக வந்தால் போதும்.

சரக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு. கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் சில்லறைச் சரக்குக்குக் கன மீட்டர் கணக்கில் கூலி. 40 சென்டிமீட்டர் பக்கமுள்ள அட்டைப்பெட்டி 0.064 கன மீட்டர்; 50 சென்டிமீட்டர் பெட்டி 0.125. பார்வைக்குக் கொஞ்சம் பெரியது, கூலி ஏறத்தாழ இரட்டி. வான்வழிச் சரக்கில், எடை குறைவாய் இடம் அதிகமாய் இருந்தால், கன சென்டிமீட்டரை 6000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுப்பது வழக்கம். கூரியர்காரர்கள் பலர் 5000-ஆல் வகுப்பார்கள். 20 கிலோவுக்குள் நிற்க வேண்டுமானால் 20 × 6000 = 120000. அதன் கனமூலம் 49-க்கும் 50-க்கும் நடுவில். ஆகவே 49 சென்டிமீட்டர் பெட்டி கட்டினால் தப்பலாம். 50 ஆனால் 20 கிலோவைத் தாண்டிவிடும்.

மற்றொன்று வாங்கும் இடத்தில். ஒரு மொத்த வியாபாரியிடம் நாம் எடை பார்க்காமல் பெட்டிக் கணக்கில் வாங்கிவந்த சரக்கு ஒன்று, சில மாதங்களாகச் சீக்கிரம் தீர்ந்துபோவதாகத் தோன்றியது. பெட்டி பழையது போலவே இருந்தது, விலையும் மாறவில்லை. நாடாவை வைத்து அளந்தோம். 50 இருந்த பக்கம் 48 ஆகியிருந்தது. இரண்டு சென்டிமீட்டரை யார் கவனிப்பார்கள்? ஆனால் 50-இன் கனம் 125000, 48-இன் கனம் 110592. நூற்றுக்குப் பதினொன்றரைப் பங்கு சரக்கு காணாமற் போயிருக்கிறது! எழுதிய தாளை அவர் மேசைமேல் வைத்தபோது அவர் வாதாடவில்லை. அந்த மாதத்திலிருந்து எடைக் கணக்கில் வாங்குகிறோம். அரிசிப்பெட்டிக்கு நாம் கட்டிய சம்பளத்தில் ஒரு பகுதி அவ்வாறு திரும்பி வந்தது.

அந்தப் பெரிய பெட்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் கிட்டங்கியில்தான் இருக்கிறது. வெளியே எடுக்க வேண்டுமானால் மறுபடி கழற்ற வேண்டும். காலிச் சாக்குகளை அதில் போட்டு வைத்திருக்கிறோம்.

வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க நாலு எண்கள் தருகிறோம்: 50653, 250047, 704969, 185183. இவற்றில் மூன்று முழுக்கனம், ஒன்று மட்டும் கள்ளன். இலக்கம் கூட்டும் சோதனையில் அந்தக் கள்ளன் தேறிவிடுவான். ஆகவே வித்தை சொல்லும் விடையைப் பெருக்கிப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.